பிள்ளையை விட்டுவிட்டு வந்த இரவு

எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடுகள். 2010 ஆம் ஆண்டு முகாமிலிருந்து மீள்குடியேறி வந்தபோது அவற்றில் ஐந்து வீடுகளில் ஆண் துணை இல்லை. ஒருவரின் கணவர் மாத்தளனில் ஷெல் பட்டு இறந்தவர். இன்னொருவரின் கணவர் எங்கே என்று இன்றுவரை தெரியாது. அப்படிப்பட்ட ஊரில், கணவர் அடிக்கிறார் என்று சொல்லி அழுத என்னைப் பார்த்து யார் இரங்குவார்கள்? "உனக்கு அடிக்கிறதுக்காவது ஒரு மனுசன் இருக்கு பிள்ளை" என்று என் சொந்தப் பெரியம்மாவே சொன்னா.

எங்கள் மாதர் சங்கத் தலைவி இந்தக் கதையை எழுதும்படி என்னிடம் பலமுறை கேட்டார். வெட்கத்தினால் தள்ளிப்போட்டேன். அண்மையில் ஒரு தங்கச்சி சங்கத்துக்கு வந்தாள். கழுத்தில் காயம். "வெளிக்கிட்டு வந்திடுவன் அக்கா, ஆனால் பிள்ளையைத் தரமாட்டன் எண்டு சொல்லுறார்" என்றாள். அதே சொல்லைக் கேட்டு நான் மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்தேன். ஆகவே எழுதுகிறேன். நான் செய்த பிழைகளையும் மறைக்கவில்லை.

எனக்குக் கலியாணம் நடந்தது 2007 இல். வயது 19. அந்த நாட்களில் வன்னியில் வளர்ந்த பிள்ளைகளை வைத்திருந்த பெற்றோர் ஏன் அவசரம் அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவரை எனக்கு முன்பின் தெரியாது. 2008 பங்குனியில் மகள் பிறந்தாள். அவளுக்கு ஒரு வயது நிரம்புமுன் விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று ஓடினோம். 2009 ஏப்ரல் 20 ஆம் திகதி சனத்தோடு சனமாக வெளியே வந்தபோது நானும் அவரும் மாறி மாறித்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். இதையும் நான் சொல்லத்தான் வேண்டும். அவர் பிறவியிலேயே கெட்ட மனிதர் அல்லர்.

முகாமில் அவர் பேச்சில்லாமல் இருந்தார். ஊருக்கு வந்த பிறகு குடி தொடங்கியது. மேசன் வேலையில் உழைத்த காசு கசிப்புக்குப் போனது. முதலில் வாயால் ஏசினார். பிறகு கை. பிறகு கையில் அகப்பட்டதெல்லாம். வீட்டுத் திட்டத்தில் எங்களுக்கு ஒரு கல்வீடு கிடைத்தது. கல்லும் மண்ணும் சுமந்தது நான். காணிப் பத்திரம் அவர் பெயரில். "இது என்ரை வீடு, என்ரை பிள்ளை. போறதெண்டால் நீ தனியப் போ. எந்தக் கோட்டுக்குப் போனாலும் பிள்ளை தகப்பனுக்குத்தான்" என்பார். அவரது தாயும் எங்களோடுதான் இருந்தா. மாமி எனக்கு அடிக்கவில்லை. அடிக்கும்போது மகளைத் தன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துவா. அதை உதவி என்றுதான் அப்போது நினைத்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். ஒருநாள் கிணற்றடியில் என் முதுகைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "எனக்கு மனுசன் இல்லாதது துன்பம்தான் பிள்ளை. ஆனால் நான் இரவிலை நித்திரை கொள்ளுறன். நீ கொள்ளுறியோ?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

2013 தொடக்கத்தில் முதல் தடவையாகப் பொலிசுக்குப் போனேன். கை வீங்கியிருந்தது. இருவரையும் கூப்பிட்டு இருத்தி, குடும்பம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், பிள்ளைக்காகச் சமாதானமாகப் போங்கள் என்றார்கள். சிங்களத்தில் ஏதோ எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நான் வாசிக்காமல், வாசிக்க முடியாமல், வைத்தேன். ஒரு வருடம் கழித்து எங்கள் சட்டத்தரணி அதன் பிரதியை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சிறு வாய்த்தர்க்கம், இருவரும் ஒற்றுமையாகப் போகச் சம்மதம் என்று அதில் இருந்தது. அடித்ததைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அது என் முதலாவது பிழை. இரண்டாவது பிழை ஆஸ்பத்திரியில். எப்படிக் காயம் வந்தது என்று டொக்டர் கேட்டபோது, கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்றேன். அவர் அப்படியே எழுதினார்.

மூன்றாவது பிழைதான் பெரியது. 2013 ஒக்டோபரில் ஒரு இரவு, அவர் கத்தியோடு வந்தார். மகள் மாமியின் அறையில். கதவு உள்ளே பூட்டியிருந்தது. நான் பின்பக்கமாக ஓடி, அக்கா வீட்டில் ஒளித்திருந்து, விடியச் சாமம் முதல் பஸ்ஸில் வவுனியாவில் இருந்த அம்மா வீட்டுக்குப் போனேன். காலில் செருப்பும் இல்லை. உயிரைக் காப்பாற்ற ஓடினேன். அதைப் பிழை என்று இன்று எவரும் சொல்லமாட்டார்கள். பிழை என்னவென்றால், அன்றைக்கே நான் பொலிசுக்குப் போகவில்லை. காய்ச்சலோடு நாலு நாள் அம்மா வீட்டில் படுத்திருந்தேன். ஐந்தாம் நாள் போய்ப் படலையில் நின்றபோது, "பிள்ளையை விட்டிட்டு ஓடினவளுக்கு இஞ்சை என்ன வேலை?" என்று மாமி கேட்டா. ஊரெல்லாம் அந்தக் கதை அதற்குள் பரவிவிட்டது. அதே நாலு நாட்களை அவர்களின் சட்டத்தரணி பின்னர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னார். அக்கறையுள்ள தாய் நாலு நாள் பேசாமல் இருப்பாளா என்று கேட்டார்.

பொலிசில் சொன்னேன். தகப்பனிடம்தானே பிள்ளை இருக்கிறது, அது களவு இல்லை, கோட்டுக்குப் போங்கள் என்றார்கள். பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். தகப்பன் சொல்லாமல் காட்ட முடியாது என்றார்கள். அங்கேயே சத்தம் போட்டு அழுதேன். அதையும் யாரோ போனில் படம் பிடித்து அவரிடம் கொடுத்தார்கள். தாய்க்கு மூளை சரியில்லை என்று சொல்ல அது அவருக்கு உதவியது.

வழி காட்டியவர் பிரதேச செயலகத்தில் இருந்த பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர். என்னை இருத்தி, தேத்தண்ணி தந்து, நடந்ததையெல்லாம் திகதி போட்டு எழுதச் சொன்னார். "மிஸ், திகதி ஞாபகம் இல்லை" என்றேன். "பொங்கலுக்கு முந்தியோ பிந்தியோ, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த கிழமையோ, அப்பிடி எழுதுங்கோ" என்றார். ஒரு கொப்பியில் பதினாறு பக்கம் எழுதினேன். அவர்தான் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு என்னை அனுப்பினார். 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட அந்த ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்குக் காசு வாங்காமல் வழக்குப் பேசுகிறது. நான் அதுவரை அதன் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

அங்கே இருந்த பெண் சட்டத்தரணி எனக்கு மூன்று விடயங்களைப் பிரித்துச் சொன்னார். நான் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பி வைத்திருந்தேன். நீங்களும் அப்படி இருக்கலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, அடியிலிருந்து பாதுகாப்பு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவசரமென்றால் முதலில் இடைக்காலக் கட்டளை தருவார்கள். 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி போட வேண்டும். முழுக் கட்டளை 12 மாதம் வரை இருக்கும். அதை மீறினால் ஒரு வருடம் வரை மறியல் உண்டு. உடம்பில் அடித்தால் மட்டுமல்ல, மனதைக் கடுமையாக வதைத்தாலும் இந்தச் சட்டத்துக்குள் வரும். இரண்டாவது, செலவுக்குப் பணம். அது 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம். அதுவும் நீதவான் நீதிமன்றத்தில்தான். மூன்றாவதுதான் பிள்ளை யாரிடம் இருப்பது என்ற கேள்வி. அதை முதல் இரண்டு வழக்கும் தீர்த்து வைக்காது. விவாகரத்து அல்லது பிரிவு வழக்கோடு சேர்த்து மாவட்ட நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். விவாகரத்து வேண்டாம், பிள்ளை மட்டும் வேண்டும் என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அல்லது மாகாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடும் வழி இருக்கிறது.

"கோட்டுக்குப் போனால் பிள்ளை தகப்பனுக்குத்தானாம், உண்மையோ மிஸ்?" என்று கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார். எங்கள் நாட்டுப் பொதுச் சட்டம் உரோமன் ஒல்லாந்தச் சட்டத்திலிருந்து வந்தது. அதன்படி திருமணம் இருக்கும் வரை தகப்பனுக்கே முதல் உரிமை என்ற பழைய விதி உண்மையில் இருக்கிறது. ஆனால் நீதிமன்றங்கள் நெடுங்காலமாக அந்த விதியோடு நின்றுவிடுவதில்லை. பிள்ளைக்கு எது நல்லது என்பதையே முதலில் பார்க்கின்றன. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயமும் அதையே சொல்கிறது. சிறு பிள்ளையென்றால், அதிலும் பெண்பிள்ளையென்றால், தாயிடம் இருப்பது நல்லது என்று நீதிபதிகள் பல வழக்குகளில் கருதியிருக்கிறார்கள். "ஆனால் தங்கச்சி, பிள்ளை ஒரு இடத்திலை பழகிப்போனால் அதைக் கலைக்கக் கோடு யோசிக்கும். அதனாலை ஒரு நாளும் வீணாக்கக் கூடாது" என்றார்.

இன்னொரு பயத்தையும் அவர் தீர்த்தார். வீட்டைவிட்டு வந்தவள் நான், ஆகவே குற்றம் என்மேல்தான் வரும் என்று ஊரில் சொன்னார்கள். எங்கள் பொது விவாகச் சட்டத்தில் கணவன் அல்லது மனைவி வேண்டுமென்று மற்றவரைக் கைவிட்டுப் போவது விவாகரத்துக்கு ஒரு காரணம். கொடுமை என்று தனியாக ஒரு காரணம் அதில் இல்லை. ஆனால் ஒருவரின் கொடுமை தாங்காமல் மற்றவர் வெளியேறினால், வெளியேறியவர் கைவிட்டவர் ஆகமாட்டார். துரத்தியவரே கைவிட்டவர். இதைக் கேட்டபோதுதான் பல மாதங்களுக்குப் பிறகு நிமிர்ந்து இருந்தேன்.

பாதுகாப்புக் கட்டளை அந்த வருட முடிவிலேயே கிடைத்தது. மாவட்ட நீதிமன்ற வழக்கு 2014 தையில் தொடங்கியது. ஒவ்வொரு தவணைக்கும் வவுனியாவிலிருந்து விடிய வெளிக்கிட்டு ஏ9 வீதியால் போவேன். பல நாட்கள் அடுத்த திகதி போட்டு அனுப்பிவிடுவார்கள். நீதிமன்ற வாங்கில் ஒரு முஸ்லிம் சகோதரி பழக்கமானார். தாபரிப்புக்கும் விவாகரத்துக்கும் காதி நீதிமன்றம், ஆனால் பிள்ளை யாரிடம் என்பதற்கு அங்கே அதிகாரமில்லை, அதற்கு இங்கேதான் வர வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தார். இருவரும் ஒரு பாணைப் பகிர்ந்து சாப்பிடுவோம். சமயம் வேறு, சட்டம் வேறு. பயம் மட்டும் இருவருக்கும் ஒன்றாக இருந்தது.

பங்குனியில், சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் மகளைப் பார்க்க நீதிமன்றம் அனுமதி தந்தது. முதல் சனிக்கிழமை நான் அவளுக்குப் பிடித்த பாசிப்பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு போனேன். ஆறு வயது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நான் கையை நீட்டினேன். அவள் வரவில்லை. அப்பம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் என்னை விட்டிட்டு ஓடினனீங்கள்" என்றாள். யாரோ சொல்லிக்கொடுத்த சொல் என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். ஆனால் அவள் கண்ணால் பார்த்ததும் அதுதானே? விடிய எழும்பியபோது அம்மா இல்லை. பிள்ளைக்கு வேறென்ன தெரியும்?

அந்த இரண்டு மணித்தியாலமும் நான் தகப்பனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அழவும் இல்லை. சட்டத்தரணி அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார். பிள்ளையைத் தூதுவராக்காதே, சாட்சியாகவும் ஆக்காதே என்றார். "அம்மா ஓடினது உண்மைதான். உன்னிலை கோபத்திலை இல்லை. திரும்ப வரத்தான் பாத்தனான்" என்று மட்டும் சொன்னேன். நாலாவது சனிக்கிழமை அவள் என் மடியில் வந்து இருந்தாள். பணியாரத்தைப் பிட்டு என் வாயிலும் வைத்தாள்.

நன்னடத்தை உத்தியோகத்தர் இரு வீடுகளையும் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. எனக்கு நடுக்கம். அவரிடம் கல்வீடு. அம்மாவிடம் தகரக் கொட்டில். சங்கம் தந்த தையல் மெசினில் சட்டை தைத்துத்தான் என் வருமானம். வந்த உத்தியோகத்தர் கூரையைப் பார்த்ததைவிடக் கூடுதலாகக் கேள்விகளைக் கேட்டார். பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? வகுப்பு ரீச்சர் யார்? கடைசித் தடுப்பூசி எப்போது போட்டது? இதே கேள்விகளை அவரிடமும் கேட்டிருக்கிறார். அவருக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேளுங்கோ என்று தாயைக் காட்டியிருக்கிறார்.

நான் சொன்னதற்கு ஆதாரம் வேண்டுமே. கிளினிக் அட்டை அந்த வீட்டில் அகப்பட்டுவிட்டது. ஆனால் எங்கள் ஊர்க் குடும்பநல மாது தன் பதிவேட்டைப் பார்த்து, ஒவ்வொரு கிளினிக்குக்கும் பிள்ளையைக் கொண்டுவந்தது தாயே என்று கடிதம் தந்தார். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டக் கொப்பியிலும் என் கையெழுத்துத்தான் இருந்தது. பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்தேன். இரவில் ஒளித்து வைத்த அக்கா நீதிமன்றத்துக்கு வந்து, கத்தியைக் கண்டதாகச் சாட்சி சொன்னார். அதற்குப் பிறகு ஊரில் சிலர் அவரோடு கதைக்காமல் விட்டார்கள். அந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன்?

நீதிபதி மகளைத் தன் அறைக்குள் கூப்பிட்டுத் தனியாகக் கதைத்தார். என்ன கதைத்தார் என்று நான் இன்றுவரை அவளிடம் கேட்கவில்லை. 2014 செப்டெம்பரில் இடைக்காலக் கட்டளை வந்தது. பிள்ளை தாயிடம். தகப்பன் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பார்க்கலாம். குடித்துவிட்டு வரக்கூடாது. நான் ஓடிய இரவிலிருந்து எண்ணினால் பதினொரு மாதம். வழக்கு முடிந்து, விவாகரத்துத் தீர்ப்புக்குப் பிறகு மூன்று மாதம் பொறுத்து அது உறுதியானது 2016 இல்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கு ஆசை. தாபரிப்புப் பணம் ஒழுங்காக வந்ததில்லை. கல் சுமந்து கட்டிய வீடு அவரிடம்தான். மகள் பல வருடம் இரவில் எழும்பி நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று தடவிப் பார்ப்பாள். தகப்பன் வரும் நாட்களில் நான் அவளைத் தடுக்கவில்லை. மாத்தளனில் அவளைத் தூக்கி வந்த கைகளில் இரண்டு அவருடையவை. ஆனால் அந்தக் கைகளுக்குக் கீழே நான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சகோதரிகளே, என் அனுபவத்தில் சொல்லக்கூடியவை இவை. வெளியேறத்தான் வேண்டும் என்று தெரிந்தால், அடிவிழாத ஒரு நாளில், பிள்ளையோடு வெளியேறுங்கள். முடியாமல் தனியே ஓட நேர்ந்தால், அன்றைக்கே பொலிசில் முறைப்பாடு கொடுத்து, பிள்ளை எங்கே, ஏன் கொண்டுவர முடியவில்லை என்பதை எழுதுவியுங்கள். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் அட்டை ஆகியவற்றின் போட்டோப் பிரதியை நம்பிக்கையான ஒருவரிடம் இப்போதே கொடுத்து வையுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சிறுவர்களுக்கானது 1929.

சங்கத்துக்கு வந்த அந்தத் தங்கச்சியோடு போன கிழமை சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனேன். வாங்கில் இருக்கும்போது அவள் கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு இப்ப பயமில்லையோ?" காசில்லாத பயம் இருக்கிறது, மகளின் படிப்பைப் பற்றிய பயம் இருக்கிறது என்றேன். பக்கத்து வீட்டு அக்கா கிணற்றடியில் கேட்ட கேள்வி அப்போது நினைவுக்கு வந்தது. "ஆனால் நான் இரவிலை நித்திரை கொள்ளுறன்" என்றேன்.